இடுப்பில் வந்த மாப்பிள்ளை

போன வாரம் தீராத முதுகுவலிக்கு வைத்தியமாக பஸ் டிரைவரின் முதுகெலும்புக்குள் இரண்டு மெல்லிய கம்பிகளைச் செருகி, அவற்றை இடுப்பில் ஒட்டிய ஒரு சின்னப் பெட்டியோடு சேர்த்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் டிரைவரின் தங்கை, அதாவது அவர் மனைவியின் நாத்தனார், சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனாள். அவள் சாத்திய வேகத்தில் வாசல் கதவு இன்னும் சரியாக மூட மாட்டேன் என்கிறது.

அந்தப் பெட்டிக்கு டிரைவர் வைத்த பெயர் மாப்பிள்ளை.

"இருபத்தெட்டு வயசுப் பொண்ணை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஒரு மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறலை. எனக்குன்னு ஒருத்தர் நேரா இடுப்புலயே வந்து உக்காந்துட்டார். குளிக்கக் கூடாது, குனியக் கூடாது, திரும்பக் கூடாது. அவர் மனசு கோணாம நடந்துக்கணும்."

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதையே சொன்னார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள். அப்பா வாயைத் திறந்து ஒரு ஜோக் அடித்தே இரண்டு வருஷம் ஆகிறது, அது தன் தலையை உருட்டுகிற ஜோக்காக இருந்தால்தான் என்ன?

இவர் பரீட்சைக்கு வந்த மாப்பிள்ளைதான். முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு ஏறுகிற வலியை நடுவழியிலேயே மின்சாரத்தால் தட்டிக் கலைத்துவிடுவது அவர் வேலை. ஒரு வாரத்தில் வலியைப் பாதியாவது குறைத்துக் காட்டினால் முதுகைக் கீறி நிரந்தரமாக உள்ளேயே குடிவைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் கம்பியை உருவிவிட்டு வழியனுப்பிவிடுவார்கள்.

இன்று சனிக்கிழமை, முடிவு சொல்கிற நாள்.

காலையில் டிரைவர் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். நின்று! தொலைதூர பஸ் ஓட்டியே தேய்ந்த முதுகு அது. ஒரு ஆபரேஷன் செய்துகொள்ளப் போய், இருந்த வலியும் தீராமல் புது வலி ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து சவரமெல்லாம் கட்டிலில்தான். மனைவி கண்ணாடி பிடிப்பாள், இவர் பாதியில் முகத்தைச் சுளித்து ரேசரைக் கீழே வைத்துவிடுவார். பாதிக் கன்னத்தில் நுரையோடு படுத்துத் தூங்கிய நாளும் உண்டு.

புதன்கிழமை முதல் எல்லாம் மாறிவிட்டது. புதன் அன்று தானாக எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். மறுநாள் மேஜை முன்னால் உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டார். நேற்று மாடிப்படி இறங்கி கேட் வரை போய், பக்கத்து வீட்டுக்காரர் காரை ரிவர்ஸ் எடுக்கிற லட்சணத்தைப் பார்த்து, "வளைங்க, இன்னும் வளைங்க, ஸ்டியரிங்குக்கு வலிக்காது" என்று சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தை மாடியிலிருந்து கேட்ட மனைவி, யாரும் பார்க்காத இடமாகப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேலை செய்கிற துணிக்கடையில் அவளுக்கு ஷட்டரக்கா என்று பெயர். மூன்று மாடிக் கடை. கடைசி வாடிக்கையாளர் போனதும் மாடி மாடியாக ஏறி இறங்கி விளக்கு, ஃபேன், ஏசி, பொம்மைகளின் தலைக்கு மேல் எரிகிற குட்டி பல்புவரை அணைத்து, ஷட்டரை இறக்கிப் பூட்டுவது அவள் பொறுப்பு. ஒருமுறை இரண்டாம் மாடியில் யாரோ மறந்துவிட்டுப்போன அயர்ன் பாக்ஸ் ராத்திரி முழுக்கக் காய்ந்து மேஜையே கருகிவிட்டது. அன்றிலிருந்து எங்கே ஒரு பொட்டு வெளிச்சத்தைக் கண்டாலும் அவள் கை தானாகப் போய் அணைத்துவிடும்.

வீட்டிலும் அதே கதைதான். டிவியின் சிவப்புப் புள்ளி, சார்ஜரின் நீலப் புள்ளி, எதுவும் தப்பாது. பாதி சார்ஜில் போனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய் மகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. "எங்கம்மா இருக்கிற வீட்ல மின்மினிப்பூச்சிகூட குடியிருக்க முடியாது" என்று அவள் சொல்வதில் ஒரு நியாயம் இருந்தது.

ஷட்டரக்கா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டியதையெல்லாம் பையில் அடுக்கினாள். ஃபைல், ஸ்கேன் படங்கள், மாற்றுச் சட்டை, தண்ணீர் பாட்டில். கடைசியாக மாப்பிள்ளையின் ரிமோட். கட்டிலோரத்து ஸ்டூல்மேல் அதன் உறைக்குள் இருந்தது. ஜிப்பைத் திறந்து எடுத்துப் பார்த்தாள்.

பச்சை விளக்கு எரியவில்லை.

பேட்டரி போய்விட்டதோ என்று நினைத்தாள். பக்கவாட்டுப் பொத்தானைத் தொட்டதும் சின்னத் திரை உயிர் பெற்றது. மின்னல் படம் ஒன்று, அதன் குறுக்கே ஒரு கோடு. ஓடவில்லை என்று அதற்கு அர்த்தம். ஆஸ்பத்திரியிலேயே விளக்கிச் சொல்லியிருந்தார்கள்.

அவளுக்குச் செவ்வாய்க்கிழமை ராத்திரி நினைவுக்கு வந்தது.

அன்று கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. வீடு வந்து சேரும்போது அவளுக்குக் கண் பாதி மூடியிருந்தது. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். டிவி, சார்ஜர், ஸ்டூல்மேல் ஒரு பச்சைப் புள்ளி. கை போன போக்கில் அழுத்தினாள். அது அணைகிறவரை அழுத்தினாள். அப்புறம் பொறுப்பாக உறைக்குள் போட்டு ஜிப்பையும் இழுத்து மூடினாள். அந்தப் பொறுப்பை என்னவென்று சொல்வது!

பெட்டி செய்கிற கம்பெனியிலிருந்து வந்த பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "இந்த வகையில விறுவிறுன்னோ குறுகுறுன்னோ எதுவும் தெரியாது சார். ஓடுதா இல்லையான்னு உங்க உடம்புக்குத் தெரியாது. இந்த விளக்கு ஒண்ணுதான் அடையாளம். பட்டனை மட்டும் தொடாதீங்க." அதைக் கேட்ட நாளிலிருந்து டிரைவர் ரிமோட் இருக்கிற பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை.

அப்படியானால் புதன், வியாழன், வெள்ளி? ஜன்னலோரம் நின்றது? மேஜை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டது? கேட் வரை போனது?

மாப்பிள்ளை ஓடிய நாட்களில் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று முனகிக்கொண்டிருந்த மனிதர், மாப்பிள்ளை செத்துக்கிடந்த நாட்களில் எழுந்து நடந்திருக்கிறார்.

"ரெடியா? டாக்ஸி வந்துடுச்சு" என்று குரல் கொடுத்தார் டிரைவர். கன்னம் இரண்டும் பளபளவென்று இருந்தன.

அவள் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

டாக்ஸியில் டிரைவர் முன்சீட்டில் உட்கார்ந்து, கிளட்சில் காலை ஊன்றிக்கொண்டே ஓட்டுவது எவ்வளவு பெரிய பாவம் என்று டாக்ஸிக்காரருக்குப் பாடம் எடுத்தார். பின்சீட்டில் அம்மாவும் மகளும். நாத்தனார் போனில் வந்தாள். கோபம் எல்லாம் கோபம்தான், அதற்காக அண்ணன் விஷயத்தில் மூக்கை நுழைக்காமல் இருந்துவிட முடியுமா?

"அண்ணி, ஸ்பீக்கர்ல போடுங்க. அண்ணா, நல்லா கேட்டுக்கோ. கரன்ட்டும் வேணாம் கம்பியும் வேணாம். என் லாண்டரிக்குத் துணி போடற பெரியவர் பம்ப் வெச்சிருக்கார். வயித்துல தோலுக்கு அடியில வட்டமா ஒரு டப்பா. அதுலேர்ந்து மருந்து சொட்டுச் சொட்டா முதுகுக்குப் போயிடும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஊசியால ரொப்பிக்கிட்டா போதும். மனுஷன் ஜம்முனு இருக்கார்."

"அவர் எந்நேரமும் தூங்கி வழியறார்னு போன மாசம் நீதானே சொன்னே?"

"வலியில்லாம தூங்கறார் இல்ல?"

"அந்த மாதிரி மருந்து எனக்கு ஆகாது. ஸ்டியரிங் முன்னாடி ஒரு கொட்டாவி விட்டதில்லை நான். பின்னாடி அம்பது பேர் என்னை நம்பித் தூங்குவாங்க, நான் முழிச்சிருப்பேன். இனிமே போய் தூங்குமூஞ்சி ஆகணுமா?"

"இப்ப நீ எந்த பஸ்ஸை ஓட்டப் போறே? கட்டிலைத்தானே?"

டிரைவர் சிரித்தார். போன வாரம் இதே வார்த்தைக்குத்தான் வீடு ரணகளம் ஆனது. "கட்டிலை வித்துடப் போறேன். வேணும்னா வந்து எடுத்துக்கோ" என்றார்.

ஷட்டரக்கா முன்சீட்டுக்குப் பின்னாலிருந்து அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம். டாக்டர் முன்னால் சொல்வதைவிட இங்கேயே சொல்லிவிடலாம்.

"என்னங்க..."

"என்ன?" என்று திரும்பப் போனவர், திரும்பக் கூடாது என்பது ஞாபகம் வந்து, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"ஒண்ணுமில்லை. சீட்டை இன்னும் கொஞ்சம் சாச்சுக்கோங்க."

வலி டாக்டரின் அறையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அவசரமே படாத பெண்மணி. ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருப்பார். முதல் ஆபரேஷன் செய்தவர் காத்திருக்காதவர், அதனால் இவரை இந்தக் குடும்பத்துக்குப் பிடித்துப்போயிருந்தது.

"வந்த அன்னைக்கு வலி பத்துக்கு எட்டுன்னு சொன்னீங்க. இப்ப?"

"மூணு. சில நேரம் ரெண்டுன்னுகூடச் சொல்லலாம்."

மகள் அப்பாவின் தோளில் கை வைத்தாள். டாக்டர் புன்னகையோடு இழுப்பறையைத் திறந்து இரண்டு வெற்றுப் பெட்டிகளை மேஜைமேல் வைத்தார். இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கின. ஒன்று கொஞ்சம் தடிமன்.

"பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு, அதனால வைக்கலாம். ரெண்டு வகை இருக்கு. இந்தப் பெரியது சார்ஜ் கேக்காது. ஆனா சில வருஷத்துல பேட்டரி தீர்ந்துடும், மறுபடியும் அந்த இடத்தைக் கீறி மாத்தணும். இந்தச் சின்னது ரொம்ப வருஷம் உழைக்கும். ஆனா வாரா வாரம் இடுப்புல ஒரு பெல்ட்டைக் கட்டிக்கிட்டு உக்காந்து சார்ஜ் ஏத்தணும். மறந்தா நின்னுடும்."

மகள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். அந்தக் குரல் தானாக வந்துவிட்டது. பெட்டிகளை ஒவ்வொன்றாக அப்பா கையில் வைத்து, "இது சரியா இருக்கா, இல்லே... இது சரியா இருக்கா?" என்றாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. வேற நம்பர் போட்டுப் பாரு" என்றார் டிரைவர். டாக்டரே சிரித்துவிட்டார்.

அப்புறம் டிரைவர் தடித்த பெட்டியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"இதுவே போதும் டாக்டர். சார்ஜ் போடற கதையெல்லாம் எங்க வீட்ல நடக்காது. இவ இருக்காளே, எங்க ஒரு லைட்டு எரிஞ்சாலும் அணைச்சுட்டுத்தான் மறுவேலை பார்ப்பா. மாப்பிள்ளை பட்டினியிலயே போய்ச் சேர்ந்துடுவார்."

எல்லாரும் சிரித்தார்கள். மகள் சிரித்தாள், டாக்டர் சிரித்தார், மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த கம்பெனிப் பெண் சிரித்தாள். ஷட்டரக்கா மட்டும் சிரிக்கவில்லை. இனிமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெட்டியை இவர் முதுகுக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள்.

"அணைச்சுட்டேன்" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி. தூக்கக் கலக்கத்துல இந்த ரிமோட்டை அணைச்சுட்டேன் டாக்டர். இன்னிக்குக் காலைலதான் பார்த்தேன். பார்த்துட்டு மறுபடியும் போட்டேன். நடுவுல அது ஓடவே இல்லை."

"விளையாடாதே" என்றார் டிரைவர். இன்னும் சிரிப்பு முழுசாகப் போகவில்லை.

கம்பெனிப் பெண் எழுந்து வந்து பெட்டியைக் கணினியோடு சேர்த்துப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தாள். வேறு பேச்சுக்கு இடமில்லை.

"நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் பலன் இருக்கும்" என்றார் டாக்டர், ஒவ்வொரு வார்த்தையாக. "இந்த வகை அப்படித்தான். போட்டாலும் உடனே தெரியாது, அரை நாள், ஒரு நாள் ஆகும். நிறுத்தினாலும் உடனே போகாது. ஆனா மூணு நாள் முழுக்க... அதுக்கு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"அப்ப நான் நடிச்சேன்றீங்களா?"

"இல்லவே இல்லை. உங்க வலி நிஜம். அது குறைஞ்சதும் நிஜம். எதனால குறைஞ்சதுன்னுதான் தெரியலை. நம்பிக்கையால குறையற வலியும் குறைஞ்ச வலிதான் சார். ஆனா அது எவ்வளவு நாள் நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

டிரைவர் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். மறுபடி நகர்ந்தார். ஷட்டரக்காவுக்கு அந்த நகர்தல் தெரியும். அடுத்து இடது கை நாற்காலி விளிம்பைப் பிடிக்கும், அப்புறம் உதட்டுக்கு மேல் வியர்க்கும். பிடித்தது, வியர்த்தது. மூன்று நாளாக எங்கேயோ ஊர் சுற்றப் போயிருந்த வலி, அவள் வாயைத் திறந்த இரண்டாவது நிமிஷம் வீடு திரும்பிவிட்டது. தன் கண்ணெதிரே, தான் சொன்ன ஒரு வார்த்தையால். அவள் கையாலாகாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, படுத்துக்கறீங்களா?" என்று கேட்டு, அறையிலிருந்த கட்டிலில் அவரைச் சாய்த்தாள் மகள். பிறகு டாக்டரிடம் திரும்பி, "எப்படியோ குறைஞ்சதுல்ல? வெச்சுடலாமே" என்றாள். கெஞ்சலாகத்தான் இருந்தது.

"ஏற்கெனவே ஒரு தடவை கிழிச்ச முதுகும்மா. இன்னொரு தடவை கத்தி வைக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். வெச்சுட்டு வேலை செய்யலைன்னா, எடுக்கறதுக்கு மறுபடியும் கிழிக்கணும்."

"இல்லேன்னா பம்ப்தானா?"

"வேண்டாம்" என்றார் டிரைவர், கண்ணை மூடியபடி.

டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஷட்டரக்காவின் பக்கம் திரும்பினார்.

"கம்பியை செவ்வாய்க்கிழமை வரைக்கும் உள்ள வைக்கலாம், அதுக்கு மேல போனா சீழ் பிடிச்சிடும். அதுவரைக்கும் ரிமோட் உங்ககிட்டயே இருக்கட்டும். இருக்கிற நாள்ல பாதி ஓடட்டும், பாதி நிறுத்துங்க. எது முதல்ல, எது அப்புறம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க, அவருக்குத் தெரியக் கூடாது. அவர் வலி எவ்வளவுன்னு மட்டும் சொல்லட்டும். ஓடறப்போ குறைஞ்சு, நிறுத்தினப்போ ஏறினா வெச்சுடலாம்." பிறகு கட்டிலில் சாய்ந்திருந்தவரிடம், "உங்களுக்குச் சம்மதமா சார்?" என்றார்.

டிரைவர் கையை மட்டும் அசைத்தார். எது வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்கிற அசைவு.

"முகத்துல காட்டிடாதீங்க" என்றார் டாக்டர் ஷட்டரக்காவிடம். "எந்த நேரம்னாலும் எனக்குப் போன் பண்ணுங்க."

மனசில் இருப்பதை ஒருநாளும் முகத்தில் மறைக்கத் தெரியாதவளிடம் சொல்கிற வேலையா இது?

திரும்பி வருகையில் டிரைவர் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வந்தார். டாக்ஸிக்காரர் வழியெல்லாம் கிளட்சில் கால் வைத்தே ஓட்டினார். கேட்க ஆளில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது டிரைவர் ஒரே ஒரு வாக்கியம் பேசினார்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மத்தியானம் முழுக்க ரிமோட்டைக் கைப்பைக்குள் போட்டு, பையை வீட்டுக்குள்ளேயே தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தாள். ஸ்டூலில் வைத்தால் அவர் பார்த்துவிடுவார், அலமாரியில் வைத்தால் மகள் குடைவாள். காலையில் போட்டதை அவள் நிறுத்தவில்லை. முதலில் ஓடட்டும் என்று தீர்மானித்துக்கொண்டாள். தன் கையால் அணைத்து அவரைத் துடிக்கவிட அவளுக்கு மனசு வரவில்லை. அந்தத் துடிப்பைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டதோடு சரி.

சமையலறையில் மகள் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா சொன்னே?"

"சொல்லாம எப்படிடி? அப்பா முதுகை மறுபடியும் கிழிச்சிருப்பாங்க."

"கிழிச்சா என்ன? நின்னு ஷேவ் பண்ணினார்மா. நான் அதை வீடியோ எடுத்து வெச்சிருக்கேன்."

"பெட்டி ஓடாமலே நின்னார்டி."

"அதைத்தான் நானும் சொல்றேன். எதனால நின்னா உனக்கு என்ன? நின்னார் இல்ல?"

ஷட்டரக்கா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டாள். அம்மாவின் மேல் கோபப்பட்டதற்காக அவளுக்குத் தன்மேலேயே கோபம். ஆனாலும் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

சாயங்காலம் வெயில் இறங்கும்போது டிரைவருக்கு வலி ஏறியது. முதலில் முனகல். பிறகு விரல்கள் படுக்கை விரிப்பைச் சுருட்டிப் பிடித்தன. ஷட்டரக்கா வெந்நீர்ப் பை கொண்டுவந்தாள், கம்பிக்குப் பக்கத்தில் சூடு ஆகாது என்பது நினைவுக்கு வந்து திரும்ப எடுத்துப் போனாள். மாத்திரை கொடுத்தாள். காலைப் பிடித்துவிட்டாள். வேறு என்னதான் செய்ய முடியும்?

"எவ்வளவு?" என்று கேட்டாள். டாக்டர் கேட்கச் சொல்லியிருந்தார்.

"ஒன்பது." அவர் அவள் முகத்தையே பார்த்தார். "ஆஃப் பண்ணி வெச்சிருக்கே, இல்ல?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. என்னைக் கேக்காதீங்க."

"உன் மூஞ்சியே சொல்லுது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது வேறு தப்பாகிவிட்டது.

"பார்த்தியா, நான் சொன்னேன்ல. இது ஓடாம எனக்கு ஆகலை. இப்பதான் எனக்கே புரியுது." மூச்சு வாங்கியது. நெற்றி முழுக்க வியர்வை. ஐம்பது பேரைத் தூங்கவைத்துத் தான் விழித்துக்கொண்டு போன மனிதர், மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சினார். "போட்டு விடும்மா. டாக்டர்கிட்ட சொல்ல வேண்டாம். இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும். உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன், போட்டு விடு."

"என்னங்க இது, கையை விடுங்க..."

"போட்டு விடு."

அவள் அவருக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டாள். கைப்பையைத் திறந்தாள். பைக்குள்ளே, ஃபைலுக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவில், பச்சை விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து ஒரு நிமிஷம்கூட அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஓடுகிறது என்று சொன்னால், ஓடியும் வலிக்கிறது என்று ஆகிவிடும். இருக்கிற ஒரே நம்பிக்கையும் போய்விடும். ஓடவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பின்னால் அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. அவளால் தாங்க முடியவில்லை. எதையும் தொடாமல் பையை மூடினாள்.

"போட்டுட்டேன்" என்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நீளமான மூச்சு. விரிப்பைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. தோள் இறங்கியது. புருவத்துக்கு நடுவில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது.

"இப்பதான்..." என்றார். "இப்பதான் விடுது. அப்பாடா."

போட்டால் உடனே தெரியாது, அரை நாளாவது ஆகும் என்று டாக்டர் சொன்னது அவள் காதில் இன்னும் இருந்தது. அவர் காதில் அது விழுந்திருக்கவே இல்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழ வேண்டும் போலிருந்தது, அழவும் பயமாக இருந்தது. இவர் முகத்தைப் பார்த்துவிடுவாரே.

டிரைவர் அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

"காலைல உன்னை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதே. நீ செஞ்சது நல்லதுக்குத்தான். இல்லேன்னா இது எப்படித் தெரிஞ்சிருக்கும்? போட்டா விடுது, நிறுத்தினா கொல்லுது. இதுக்கு மேல என்ன சோதனை? செவ்வாய்க்கிழமை வரைக்கும் எதுக்கு இழுத்தடிக்கணும்? டாக்டருக்கு இப்பவே சொல்லிடு. முதுகைக் கிழிச்சு உள்ள வெச்சுடச் சொல்லு."

"நாளைக்குப் பேசிக்கலாம்."

"இப்பவே."

வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அதில் இருந்த நிம்மதியைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனில் எண்ணைத் தேடி அழுத்திவிட்டு, சிரித்த முகத்தோடு அம்மாவிடம் நீட்டினாள்.

மறுமுனையில் டாக்டர் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்கம்மா" என்றது அந்த அவசரமில்லாத குரல். "அவருக்கு எப்படி இருக்கு? ஓடிக்கிட்டிருக்கா, நிறுத்தி வெச்சிருக்கீங்களா?"

டிரைவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.